பல்லுக்கு ஒரு புது வேர்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வயதானவர்களைக் கேலி செய்ய எழுந்த பேச்சு இது என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது இலக்கணத்தோடு ஒத்த வாக்கு. எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளை எண்ணி, அவற்றுள் பல்லையும் ஒன்றாக வைத்தார். நுனி நா மேற்பல்லின் அடியைத் தொடும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழோடு பொருந்தும்போது வகரம் பிறக்கிறது. முன்பல் விழுந்த முதலாம் ஆண்டு மாணவன் 'வாத்தியார்' என்று அழைக்கும்போது பாதி எழுத்து காற்றாகிப் போவதை ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் சில மாதங்களில் புதுப்பல் முளைத்துவிடும், சொல்லும் திருந்திவிடும். ஆனால் 40 வயதில் பல்லை இழந்தவருக்கு மீண்டும் ஒரு பல் முளைப்பதில்லை.

அப்படிப் பல் போன இடத்தை என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நம்மவர்களில் பலர் இதை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. கடைவாய்ப்பல் வலித்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு, தொல்லை விட்டது என்று வேலைக்குப் போய்விடுகிறோம். வெளியே தெரியாத இடம்தானே, மறுபக்கம் மென்றால் போயிற்று என்று ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துகிறோம். பிறகு பிள்ளைகள் தலையெடுத்து, கையில் நாலு காசு சேர்ந்து, பல் கட்டலாம் என்று மருத்துவரிடம் போகும்போது அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பல் வைக்க எலும்பு போதாதே" என்கிறார். பல்லுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று நாம் திகைக்கிறோம். அந்தத் தொடர்பை விளங்கிக்கொண்டால், இக்காலத்தில் எல்லாரும் பேசுகின்ற 'இம்பிளாண்ட்' என்னும் பல்வேர் ஊன்றும் சிகிச்சை எளிதில் விளங்கிவிடும்.

குழந்தைப் பருவத்தில் நமக்கு 20 பால்பற்கள் முளைக்கின்றன. அவை விழுந்து, வளர்ந்தவருக்கு மொத்தம் 32 நிலைப்பற்கள் வருகின்றன. கண்ணாடியில் நாம் காண்பது பல்லின் தலைப்பகுதி மட்டுமே. அதைவிட நீளமான வேர்ப்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அந்த வேர் எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. நாம் மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தை அது மெத்தை போலத் தாங்கி எலும்புக்குக் கடத்துகிறது. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டதும் வாய் தானாக நின்றுவிடுகிறதல்லவா? அந்த உணர்ச்சியைத் தருவதும் இந்தப் படலத்தில் உள்ள நரம்புகள்தாம்.

பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு பல்லுக்காகவே உண்டான எலும்பு. மெல்லும் அழுத்தம் வந்துகொண்டிருக்கும் வரை அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல் போய்விட்டால் அழுத்தமும் நின்றுபோகிறது. 'இங்கே இனி வேலை இல்லை' என்று உடல் முடிவு செய்துவிடுகிறது. ஆள் நடக்காத தோட்டப் பாதையை லாலான் புல் மூடிவிடுவது போல, வேலையற்ற எலும்பும் சிறுகச் சிறுகக் கரைந்து மறைகிறது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்றும், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே ஏற்பட்டுவிடுகிறது என்றும் மருத்துவர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். பற்கள் எல்லாம் போனவர்களின் கன்னம் ஒட்டி, மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று நெருங்கி வருவதற்கு இதுவே காரணம். நாம் முதுமையின் அடையாளம் என்று எண்ணுவதில் பெரும்பகுதி பல் போனதன் அடையாளம்.

எலும்பு கரைவதோடு தொல்லை நிற்பதில்லை. வரிசையில் ஒரு பல் போனால் பக்கத்துப் பற்கள் அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிரில் இருக்கும் பல், தன்னைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. கீழ்ப்பல்லானால் மேலே ஏறி வருகிறது. சாய்ந்த பற்களின் இடுக்கில் உணவு தங்குகிறது. அங்கே சொத்தை தொடங்குகிறது. இப்படியாக, ஒரு பல் போன வீட்டில் அடுத்த பல் போவதற்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே பல் போன இடம் நமக்காகக் காத்திருப்பதில்லை. இதை நேயர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த இடத்தை நிரப்ப என்னென்ன வழிகள் உள்ளன? மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கழற்றி மாட்டும் பொய்ப்பல். நம் பாட்டன் பாட்டிமார் இரவில் கோப்பைத் தண்ணீரில் போட்டு வைப்பது இதுவே. செலவு குறைவு, அறுவை இல்லை, அரசாங்கப் பல் மருந்தகங்களிலும் செய்து தருகிறார்கள். ஆனால் இது ஈற்றின் மேல் அமர்வதால் அடியிலுள்ள எலும்பு கரைவதைத் தடுப்பதில்லை. எலும்பு கரையக் கரையப் பொய்ப்பல் தளர்ந்து ஆடும். குறிப்பாகக் கீழ்த்தாடையில், நாவும் கன்னமும் அசையும்போதெல்லாம் அது எழும்பி எழும்பி வரும்.

இரண்டாவது, பாலம் கட்டுவது. காலி இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி, அவற்றின் மேல் உறை போட்டு, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவார்கள். இது அசையாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பல்லுக்காக நல்ல பற்கள் இரண்டைச் செதுக்க வேண்டியிருக்கிறது. இங்கும் நடுவில் வேர் இல்லாததால் அடி எலும்பு வேலையின்றியே கிடக்கிறது.

மூன்றாவது வழிதான் இம்பிளாண்ட். முதல் இரண்டு வழிகளும் பல்லின் தலையைத் திருப்பித் தருகின்றன. மூன்றாவது வழி வேரைத் திருப்பித் தர முயல்கிறது. தாடை எலும்பில் ஒரு சிறிய உலோகத் திருகாணியை ஊன்றி, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு, அதன் மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். மெல்லும் அழுத்தம் மறுபடியும் எலும்புக்குள் போகிறது. எலும்புக்கு மறுபடியும் வேலை கிடைக்கிறது.

இந்த ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டில் 1931ஆம் ஆண்டில் மாயா மக்களின் காலத்துத் தாடை எலும்புத் துண்டு ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் முன்பற்கள் இருந்த இடத்தில், பல் வடிவாகச் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. 1970ஆம் ஆண்டில் அதைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்த அடையாளம் தெரிந்தது. அதாவது, அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே அவை வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பல நூற்றாண்டுகளாகத் தந்தம், தங்கம், எஃகு எனப் பலவற்றையும் மனிதன் வைத்துப் பார்த்தான். பெரும்பாலானவற்றை உடல் ஏற்கவில்லை. அந்நியப் பொருளைச் சுற்றிப் புண் உண்டாகி, அது ஆடி ஆடி விழுந்துவிடும்.

உடல் ஏற்கும் பொருளைக் கண்டறிந்த கதை சுவையானது. அதைக் கண்டவர் பல் மருத்துவரே அல்லர். பல்லைத் தேடிப் போனவரும் அல்லர். சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவ ஆய்வாளர், 1950களின் தொடக்கத்தில் லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதையும் எலும்பு ஆறுவதையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயலின் கால் எலும்பில், டைட்டானியம் என்னும் உலோகத்தால் செய்த சிறிய பார்வைக் குழாய் ஒன்றைப் பொருத்தி, நுண்ணோக்கி வழியே பார்த்து வந்தார். ஆய்வு முடிந்தது. விலை உயர்ந்த குழாயாயிற்றே, கழற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்று எடுக்கப் பார்த்தார். வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன் உடைமையாக்கிக்கொண்டு இறுகப் பற்றியிருந்தது.

வேறொருவராக இருந்தால் குழாய் போயிற்றே என்று வருந்தியிருப்பார். பிரோனமார்க் அந்தப் பிடிப்பைப் பற்றியே சிந்திக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் விலங்குகளில் சோதித்த பிறகு, 1965ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகரில் முதல் மனிதருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார். பிறவியிலேயே தாடை சரியாக அமையாமல், மெல்லவும் பேசவும் துன்பப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளை ஊன்றிப் பற்களைப் பொருத்தினார்கள். அந்த மனிதர் 2006ஆம் ஆண்டில் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேலாக அவை பயன்பட்டன. ஆயினும் பிற மருத்துவர்கள் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. உலோகம் எலும்போடு ஒன்றாது என்பதே அன்றைய பாடமாக இருந்தது. 1982ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டில் அவர் தம் நீண்டகாலச் சான்றுகளை எடுத்து வைத்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. பிரோனமார்க் 2014ஆம் ஆண்டில் காலமானார்.

அந்த டைட்டானியத்தைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், 1791ஆம் ஆண்டில், வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஓடையோரத்துக் கருமணலில் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தார். நம் நாட்டுக்கும் அந்தக் கருமணல் புதிதன்று. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசி எடுத்த பிறகு மிஞ்சுகின்ற மணலை 'அமாங்' என்பார்கள். ஈயச் சுரங்கங்களின் பக்கம் வளர்ந்தவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். அந்த அமாங்கில் இல்மனைட் என்ற கனிமம் உண்டு; அது டைட்டானியத்தின் தாதுப்பொருள். டைட்டானியத்தின் சிறப்பு என்னவென்றால், காற்றுப் பட்ட உடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடுகிறது. அந்தப் படலம் உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. வாயின் உமிழ்நீரோ உடலின் உப்போ அதை அரிப்பதில்லை. எலும்பின் உயிரணுக்களும் அந்தப் படலத்தின் மேல் தயக்கமின்றிப் படர்கின்றன.

எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இந்தச் செயலைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். நாற்றின் பட்டையில் சன்னல் போல வெட்டி, நல்ல இனத்து மொட்டை அதில் பதித்து, நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் அதைத் தொடுவதில்லை. பொறுமையிழந்து இடையில் அவிழ்த்துப் பார்த்தாலும், மொட்டு அசைந்து போனாலும் ஒட்டு பிடிக்காது. கட்டை அவிழ்த்துச் சுரண்டிப் பார்க்கும்போது பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்தது என்று பொருள். இம்பிளாண்டும் அப்படித்தான். மொட்டுக்கு உயிர் உண்டு, உலோகத்துக்கு உயிர் இல்லை என்ற வேறுபாடு இருந்தாலும், சுத்தம், இறுக்கம், அசையாமை, பொறுமை என்ற நான்கும் இரண்டுக்கும் பொது.

இனி, சிகிச்சை நடைபெறும் முறையைப் பார்ப்போம்.

முதலில் மருத்துவர் வாயைச் சோதித்து, தாடையின் முப்பரிமாணக் கதிர்ப்படம் எடுக்கிறார். எலும்பின் உயரம், அகலம் எவ்வளவு என்று அதில் அளந்துவிடலாம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. மேல்தாடையின் பின்பகுதிக்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது. திருகாணி நரம்பைத் தொட்டுவிட்டால் உதடு மரத்துப் போகலாம். ஆகவே இந்தப் படம் எடுப்பது வீண்செலவு என்று நினைக்கக்கூடாது. எலும்பு போதாது என்று தெரிந்தால், எலும்புப் பொருளை இட்டு நிரப்பி, அது உறுதிப்படும் வரை சில மாதங்கள் காத்திருக்க நேரும். பல் பிடுங்கிய உடனேயே இதைப் பற்றி யோசித்தவர்களுக்கு இந்தக் கூடுதல் செலவும் காலமும் பெரும்பாலும் மிச்சமாகிவிடும்.

பிறகு, இடத்தை மரத்துப் போகச் செய்து, ஈற்றைத் திறந்து, எலும்பில் சிறு துளையிடுகிறார்கள். திருகாணியின் குறுக்களவு பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. வரை; நீளம் ஏறக்குறைய 8 முதல் 14 மி.மீ. வரை. துளையிடும்போது மெதுவாகச் சுழற்றி, உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பின் சூடு 47 பாகை செல்சியசை எட்டி ஒரு நிமிடம் நின்றாலே அங்குள்ள உயிரணுக்கள் கெட்டுவிடும் என்று 1980களில் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கெட்ட எலும்பு உலோகத்தைப் பற்றாது. அரைமணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் எளிய வேலை போலத் தோன்றினாலும், அதில் இவ்வளவு நுணுக்கம் உண்டு. அன்று வலி தெரியாது. பின்னர் சில நாள் வீக்கமும் நோவும் இருக்கும். பல் பிடுங்கிய நோவு போலத்தான் என்று பலரும் சொல்வார்கள்.

அடுத்தது காத்திருக்கும் காலம். கீழ்த்தாடையின் எலும்பு கெட்டியானது. மேல்தாடையின் எலும்பு சற்று மென்மையானது. அதனால் கீழே 3 மாதம், மேலே 6 மாதம் என்று பிரோனமார்க் வகுத்தார். இக்காலத் திருகாணிகளின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருப்பதால் பலருக்கு இந்தக் காலம் குறைந்திருக்கிறது. தகுந்த எலும்பும் உறுதியும் உள்ள சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல்லும் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. 'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரத்தைக் கண்டு, காத்திருக்கச் சொல்லும் மருத்துவரைக் குறை கூறக்கூடாது.

எலும்பு பற்றிக்கொண்டதும், திருகாணியின் மேல் ஓர் இணைப்புத் துண்டை முடுக்கி, அளவெடுத்து, பீங்கான் போன்ற பொருளால் செய்த பல்லைப் பொருத்துகிறார்கள். ஆக, உள்ளே வேர், நடுவே இணைப்பு, மேலே பல் என்று மூன்று பகுதிகள். ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பேணினால், நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பத்து ஆண்டுகள் கழித்தும் நிலைத்திருக்கின்றன.

இது யாருக்குப் பொருந்தும்? வயதுக்கு மேல்வரம்பு இல்லை. உடல்நிலை நன்றாயிருந்தால் எழுபது வயதிலும் செய்துகொள்ளலாம். ஆனால் கீழ்வரம்பு உண்டு. தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாது. வளரும் தாடையோடு மற்றப் பற்கள் இறங்கி வரும். திருகாணி மட்டும் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். இனிப்புநீர் நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தால் தடையில்லை. கட்டுமீறி இருந்தால் புண் ஆறாது, எலும்பும் பற்றாது. புகைப்பவர்களுக்குத் தோல்வி அதிகம். புகை ஈற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. எலும்பு தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ சிலவகை மருந்து உட்கொள்பவர்களும், கழுத்து முகப் பகுதிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களும் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று வெற்றிலைபாக்கு. விருந்துக்குப் பின் ஒரு பீடா என்பது வேறு. காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை செய்வது வேறு. பாக்கு, புகையிலை சேராமல் தனியே இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. நெடுங்காலம் பாக்கு மெல்வோரின் கன்னத் தசை நார்போல் இறுகி, வாய் திறக்க முடியாமல் போவதும் உண்டு. இரண்டு விரல் நுழையாத வாயில் மருத்துவர் எப்படிக் கருவியை வைப்பார்? அப்படிப்பட்டவர்கள் பல் வைப்பதற்கு முன், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று உடனே காட்டிக்கொள்வது நல்லது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். உள்ளதைச் சொல்வதானால் இது மலிவான சிகிச்சையன்று. தனியார் மருந்தகங்களில் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகிறது. ஆனால் விழுந்த பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி என்று கணக்குப் போட வேண்டியதில்லை. பற்கள் எல்லாம் போய், கீழ்த்தாடைப் பொய்ப்பல் நில்லாமல் துன்பப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2002ஆம் ஆண்டில் கனடாவின் மொண்ட்ரியால் நகரில் கூடிய வல்லுநர்கள், அத்தகையோரின் கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு திருகாணிகளை ஊன்றி, அவற்றின் மேல் பொய்ப்பல்லைப் பொத்தான் போலப் பொருத்துவதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். சட்டையில் அழுத்திப் போடும் பொத்தான் போல அது 'டக்'கென்று பொருந்தும். இரவில் கழற்றிக் கழுவலாம். முறுக்கும் கடலையும் மெல்ல முடியாமல் கஞ்சியிலேயே காலம் கழித்த பெரியவர்களுக்கு அந்த இரண்டு திருகாணிகள் பெரிய வரம். பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவுகளிலும் விசாரித்துப் பார்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பிரிவு 1972ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

பணத்தைச் செலவழித்துப் பல் வைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் பெருந்தவறு. உலோகத்துக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் உங்களுடையவை. அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கும். கிருமி உள்ளிறங்கி எலும்பை அரிக்கும். சொந்தப் பல்லானால் வலித்து எச்சரிக்கும், ஆடிக் காட்டும். இம்பிளாண்டில் அந்த நார்ப்படலமும் இல்லை, நரம்பும் இல்லை. எலும்பு பெரும்பகுதி கரையும் வரை அது அசையாமலே நிற்கும். வலி இல்லாததே இங்கு ஆபத்து. ஆகவே நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். இடுக்குத் தூரிகையாலோ பல் நூலாலோ அடிப்பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நன்று. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அந்த வாரமே போக வேண்டும். கல்லும் எலும்பும் கடிபடும்போது சொந்தப் பல் தருகின்ற எச்சரிக்கை இதற்கு இல்லாததால், நண்டு ஓட்டையும் ஆட்டெலும்பையும் அந்தப் பக்கம் வைத்து உடைக்கக்கூடாது.

இன்னோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வீடு தேடி வந்து பல் கட்டித் தருகிறேன், பாதி விலைக்கு வைத்துத் தருகிறேன் என்று கைப்பேசியில் விளம்பரம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நம் நாட்டில், 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெற்றவர்கள் மட்டுமே பல் சிகிச்சை செய்யலாம்; ஆண்டுதோறும் தொழில் நடத்தும் சான்றிதழையும் அவர்கள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மருந்தகத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அதோடு இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் எலும்பு போதுமா? எனக்கு வேறு வழிகள் என்னென்ன? கதிர்ப்படம் முதல் மேல்பல் வரை மொத்தச் செலவு எவ்வளவு? திருகாணி பற்றாமல் போனால் என்ன செய்வீர்கள்? பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் உங்கள் வாயை ஒப்படைக்கலாம். ஊன்றிய திருகாணியின் தயாரிப்புப் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையைப் போலப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து வேறு மருத்துவர் பழுது பார்க்க நேர்ந்தால் அதுதான் வழிகாட்டி.

நேயர்களே, எவ்வளவு சிறந்த செயற்கை வேரும் இயற்கை வேருக்கு அடுத்த படியில்தான் நிற்கும். ஆகவே கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று எண்ணி, சொத்தை விழுந்தாலும் எப்படியும் விழுந்து முளைக்கப் போகிற பல்தானே என்று விட்டுவிடுகிறோம். அது நிலைப்பல், போனால் வராது. இந்நாட்டில் 1949ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. இன்றும் அந்த வழியில் வந்தவர்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் ஒப்புதல் தாளில், பிள்ளை அழுவான் என்று அஞ்சிக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

பிள்ளையின் பல்லை ஆறு வயதில் காப்பாற்றுங்கள். பெரியவர்களோ, பல்லைப் பிடுங்கப் போகும் அன்றைக்கே, "இந்த இடத்தை இனி என்ன செய்யலாம்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு இல்லை. அதைக் கேட்காமல் விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் எலும்புதான் விலை கொடுக்கிறது.